ஓடைப் பக்கத்து இடம்

எனக்கென்று இந்த மலையில் இருந்த ஒரே நிலம் கல்லறைத்தோட்டத்தில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில், ஆறடி நீளம், ஒரு ஆள் படுக்கிற அகலம். பட்டா கிட்டா எதுவும் கிடையாது. அவரை அடக்கம் செய்து குழியை மூடிய கையோடு, பக்கத்து இடத்தின் நாலு மூலையிலும் நானே கல் நட்டேன். “இது எனக்கு. வேற யாரும் வந்துறக் கூடாது” என்று கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னேன். புருஷனைப் புதைத்த ஈரம் காய்வதற்குள் இடத்துக்குச் சண்டை போட்டவள் என்று லயத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு. பேசட்டும், எனக்கென்ன.

ஜீப்பில் ஏறிச் சூரியநெல்லிப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, “இப்படி ஒரு இடத்துல வாழக் கொடுத்து வச்சிருக்கணும்” என்பார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு எங்களுடையது அல்ல. வேலை இருக்கிற வரைக்கும்தான். வேலை முடிந்து, வீட்டில் வேறு யாரும் எஸ்டேட்டுக்குப் போகவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். எனக்கு ஒரே மகள். அவள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். தேயிலைக் கொழுந்து எடுத்தே தேய்ந்துபோன என் விரல்களுக்கு ஓய்வு வரப் போகிறது என்று தெரிந்ததும், வீடு போனால் போகட்டும், அந்த இடம் இருக்கிறதே என்றுதான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் அப்படி ஒரு வழக்கம். புருஷன் முந்தினால் பெண்சாதிக்கும், பெண்சாதி முந்தினால் புருஷனுக்கும் பக்கத்தில் இடம் விட்டு வைப்பார்கள். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. மேட்டுப் பக்கம் அவர், ஓடைப் பக்கம் நான் என்று உடனே முடிவு செய்தேன். வீட்டிலும் அப்படித்தான். சுவரோரம் அவர் படுப்பார், விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியவள் வெளிப்பக்கம்தானே படுக்க முடியும்?

ஓடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது மேலே பாறைக்காட்டிலிருந்து இறங்கி வருகிறது. கல்லறைத்தோட்டம் வந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு ஒரு வளைவு போட்டு, கீழே பாலத்தடியில் நுழைந்து, அப்புறம் அணைக்குப் போய்ச் சேர்கிறது. வளைவின் உள்பக்கம்தான் எங்கள் கல்லறைத்தோட்டம். தண்ணீர் திரும்பும்போது வெளிப்பக்கம் போய் மோதும், அங்கே வேகம் அதிகம். எதிர்க்கரையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் வரும்போது அதற்கே களைப்பு வந்துவிடும். சுமந்து வந்ததில் பாதியை இறக்கி வைத்துவிட்டுத்தான் போகும். மேலே உருண்டைக் கல், அப்புறம் கூழாங்கல், எங்கள் காலடிக்கு வரும்போது நல்ல வெள்ளை மணல். யாரோ சல்லடை போட்டுச் சலித்து வைத்த மாதிரி இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நாங்கள் எல்லோரும் கூடையோடு அங்கே இறங்குவோம். அந்த மணலை அள்ளிக் கழுவி, கல்லறை மேல் பரப்பி, அதன் மேல் செவ்வந்திப் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்போம். எத்தனை கூடை எடுத்தாலும் அடுத்த வருஷம் அதே இடத்தில் மணல் கிடக்கும். ஓடை நமக்காகவே கொண்டுவந்து போடுகிறது என்று நினைத்திருந்தோம். நாம் யார் என்று அதற்கென்ன தெரியும்?

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மேலே ஒரு சரிவு அப்படியே பெயர்ந்து, பாறையும் சேறும் மரத்தூருமாக ஓடைக்குள் இறங்கியது. மழை விட்டதும் போய்ப் பார்த்தால் வளைவுக்குச் சற்று மேலே, ஓடை நடுவில் கல் கல்லாக ஒரு மேடு. தண்ணீர் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாதி பழைய வளைவில் போனது. மீதி எங்கள் பக்கம் புரண்டு, மணலெல்லாம் பரவி, கல்லறைத்தோட்டத்தின் கீழ் ஓரத்தைச் சொதசொதவென்று ஆக்கிவைத்திருந்தது. என் இடத்தில் நட்டிருந்த கல்லுக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் நின்றது.

என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, எஸ்டேட்டில் கான் வேலைக்குச் சூப்பர்வைசர். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். தேயிலை வேரில் தண்ணீர் நின்றால் செடி செத்துப்போகும். அதனால் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே பாடம்தான்: தண்ணீர் நிற்கக் கூடாது, கானில் கல் கிடக்கக் கூடாது, வளைவு இருக்கக் கூடாது, வந்த வேகத்தில் கீழே போய்விட வேண்டும். கொழுந்தன் ஓடையைப் பார்த்த பார்வையும் அதே பார்வைதான்.

“மதினி, இதுக்கா இப்படி முழிக்கீக? நடுவுல கெடக்க கல்ல எல்லாம் பெறக்கிட்டு, நேரா ஒரு கான் வெட்டி விட்டா தண்ணி அது பாட்டுக்குப் போயிரும். நின்னாத்தான தொல்ல?” என்றார்.

யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? லயத்தில் பாதிப் பேர் கான் வெட்டியே கை காய்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடப்பாரை, மம்பட்டியோடு எல்லோரும் இறங்கினோம். அச்சனும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைலியோடு வந்தார். எங்கள் பங்குச் சாமியார் மலையாளி. அவரை அச்சன் என்றுதான் கூப்பிடுவோம். ஆண்கள் கல்லைப் பெயர்த்தார்கள், பெண்கள் கை மாற்றிக் கரையேற்றினோம். மணல்திட்டின் குறுக்கே, வளைவை வெட்டிக்கொண்டு, நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு வாய்க்கால். எடுத்த கல்லையும் வீணாக்கவில்லை, கல்லறைத்தோட்டத்தைச் சுற்றி இடுப்பளவு சுவர் கட்டினோம். மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும். கொழுந்தன் மீசையைத் தடவிக்கொண்டு நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் அன்றைக்கு அவர் மேல் பெருமைதான்.

ஜூனில் காலவருஷ மழை பிடித்தது. மழைக்காலத்தில் ஓடைக்கு ஒரு சத்தம் உண்டு. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில், தரையோடு தரையாகக் கல் உருளும் சத்தம். பக்கத்து வீட்டில் அம்மிக்கல்லை நகர்த்துவது போல இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பயந்திருக்கிறேன். அப்புறம் அது கேட்டால்தான் தூக்கமே வரும். அந்த வருஷம் முதல் மழைகளில் கடகடவென்று ஒரே உருட்டல். பிறகு திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் சீறிக்கொண்டு ஓடியது. உருட்டுவதற்குக் கல் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் கல்லறைத்தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். நாங்கள் முழங்காலளவு வெட்டிய வாய்க்கால் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. வெள்ளை மணலில் ஒரு கை அளவு கூட மிச்சமில்லை. கரை அடியில் குடைந்துபோய், மேல் மண் அந்தரத்தில் தொங்கியது. கட்டின சுவர் ஒரு பக்கம் அப்படியே உள்ளே படுத்துக் கிடந்தது. கீழ் வரிசையில் இருந்த பழைய கல்லறைகள், சொந்தக்காரர்கள் ஊரை விட்டே போய்விட்டவர்களுடையவை, அவற்றைக் காணோம். அதற்கு அடுத்த வரிசை எங்களுடையது.

அப்படியே பாலத்துக்கு ஓடினேன். பாலத்தை ஒட்டி நிலம் தட்டையாகிறது, ஓடையும் அங்கே அகலமாகி மெதுவாகிறது. மேலேயிருந்து வாரிக்கொண்டு போனதெல்லாம் அங்கே குவிந்து கிடந்தது. கூழாங்கல், மணல், ஒரு சிமெண்ட் சிலுவையின் கை. யாரோ போட்டிருந்த பீன்ஸ் தோட்டத்தில் பாதி மணலுக்கடியில் போயிருந்தது. எங்கள் கல்லறைகள் மேல் நாங்கள் கழுவிக் கழுவிப் பரப்பிய மணலும் அதில் கலந்துதான் இருக்கும். எந்தக் கைப்பிடி யார் வீட்டுடையது என்று எப்படிப் பிரிப்பது?

அங்கே நின்றபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கொழுந்துப் பை கனமாக இருந்தால் நாங்கள் நிதானமாக நல்ல கொழுந்தாகப் பார்த்து எடுப்போம். எடை போடும் நேரம் நெருங்கி, பை காலியாக இருந்தால், கையில் அகப்பட்ட முற்றிய இலையையும் சேர்த்து உருவிப் போடுவோம். ஓடை அதைத்தான் செய்திருக்கிறது. அதன் சுமையை எடுத்து நாங்கள் சுவர் கட்டிவிட்டோம். வளைவை எடுத்து வேகத்தைக் கொடுத்துவிட்டோம். வெறுங்கையோடு வேகமாகப் போகிற தண்ணீர், சுமப்பதற்கு அடிமண்ணைத் தோண்டியது, அது தீர்ந்ததும் கரையைப் பிடித்தது. தேயிலைக்காட்டுக் கானில் இதெல்லாம் வராது. அங்கே அடியில் கல் பதித்திருப்போம், தண்ணீரும் ஒரு மழையோடு சரி. ஓடை அப்படியா?

கோபம் தலைக்கேறியது. நேராகக் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“கொழுந்தனாரே, நல்லா வெட்டுனீகய்யா கான்! ஒங்க அண்ணன நேரா அணைக்கே அனுப்பி வைக்கவா பாத்தீக?”

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விட்டேனா? வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் வந்தேன். அதற்கப்புறம் அவர் என் கண்ணில் படாமல் திரிந்தார். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நான் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் போவார்.

மழை விட்டதும் அச்சன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். “சேச்சி, ஞான் சொல்றது கேக்கணும். மேலே சர்ச் பக்கம் ஸ்தலம் உண்டு. இந்த வரிசையிலே உள்ளவங்க எலும்பெல்லாம் எடுத்து அங்க ஒரு குழியிலே மரியாதையா வைக்கலாம். அடுத்த மழைக்கு இது நிக்காது” என்றார். நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னார். இரண்டு மூன்று குடும்பம் ஒத்துக்கொண்டு எடுத்தும் வைத்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “எல்லாரையும் ஒரே குழியில போட்டா, நாளைக்கு எனக்கு எந்தப் பக்கம் அச்சன்? யாரு பக்கத்துல என்னப் படுக்கப் போடுவீங்க?” என்று கேட்டேன். பிடிவாதம்தான், தெரியும். ஆனால் என் இடத்தை நானே காலி செய்து கொடுப்பதா? லயத்து வீட்டைத்தான் காலி செய்யச் சொல்வார்கள், இதையுமா?

ஜனவரியில் பனி கொட்டும். ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிடும், கால் வைத்தால் மரத்துப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்கு மெழுகுவர்த்தி வைக்கப் போனால், கீழே ஓடைக்குள் யாரோ கடப்பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன். விழுந்த சுவரிலிருந்து ஒவ்வொரு கல்லாக உருட்டிக்கொண்டுபோய் நாங்கள் வெட்டிய வாய்க்காலின் தலைப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னய்யா, இப்ப அடுத்த கானா?” என்றேன். என் வாய் சும்மா இருக்குமா?

“இல்ல மதினி. இதோட வாய அடைக்கேன். நேரா போறத அடச்சுட்டா தண்ணி பழைய வளைவுக்குத் திரும்பும்லா” என்றார், நிமிராமலே. இன்னொரு கல்லை உருட்டிவிட்டு, “ஒங்களுக்கு மட்டுமா அவரு? எனக்கு அண்ணன்லா மதினி” என்றார்.

எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். நாலைந்து ஞாயிறு போனதும் மற்றவர்களும் வந்தார்கள். அவ்வளவு பெருமையாகக் கட்டிய சுவரை எங்கள் கையாலேயே பிரித்தோம். பெரிய கல்லை வாய்க்கால் தலைப்பிலும், அடுத்த அளவைக் கரையின் அடியிலும் போட்டோம். ஒழுங்காக அடுக்காதீர்கள், கன்னாபின்னாவென்று கிடக்கட்டும் என்று கொழுந்தன் சொல்லிக்கொண்டே இருந்தார். கானில் ஒரு கூழாங்கல் கிடந்தாலே ஆளை ஒரு வழி பண்ணுகிறவர் அவர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார்.

கோடை மழை ஒன்று பெய்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பழையபடி எதிர்க்கரையோரம் திரும்பியிருந்தது. அடைத்த வாய்க்காலுக்குள், கற்களுக்கு நடுவே, விரல்கடை உயரத்துக்கு மணல் படிந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பேத்தி பிறந்த செய்தி வந்தபோது கூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை. ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் கொழுந்தனிடம் காட்டினேன். “பாத்தீகளா, பாத்தீகளா” என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

ஆனால் கரை ஏற்கனவே அடியில் குடைந்திருந்தது. அதை எங்களால் என்ன செய்ய முடியும்? அடுத்த காலவருஷம் தொடங்கியதும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நின்று பார்ப்பேன். நாங்கள் போட்ட கல் நகரவில்லை. உருளும் சத்தம் திரும்ப வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தேன். மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், ஈரம் ஊறிப்போன மேல் மண் ஒரே துண்டாகப் பிளந்து கீழே இறங்கிவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது என் வீட்டுக்காரர் கல்லறை அப்படியே இருந்தது, சிலுவை கூடச் சாயவில்லை. அதன் விளிம்பை ஒட்டிக் கத்தியால் வெட்டின மாதிரி நிலம் முடிந்திருந்தது. அவர் இருக்கிறார். என் இடத்தைக் காணோம்.

கொழுந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தார். அண்ணன் கல்லறை தப்பியதைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எத்தனையோ சாவுக்கு அழுதிருக்கிறேன். எனக்காக நானே அழுதது அன்றைக்குத்தான்.

மழைக்காலம் முடிந்தபோது கரைக்கு அடியில் திரும்பவும் மணல் சேர்ந்துவிட்டது, பழைய வெள்ளை மணல். இனிமேல் கரை நிற்கும் என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஓடை எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் இல்லை. ஆனால் மேலே நிலமாக எடுத்ததைக் கீழே மணலாகத்தான் கொடுக்கிறது. அந்த மணலில் கூடை நிரப்பலாம், குழி வெட்ட முடியாது. அதன் கணக்கில் அது சரியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் சரியாகவில்லை.

வேலை முடிகிற நாள் நெருங்கியபோது கொழுந்தன் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, “மதினி, கோவிச்சுக்கிடாதீக. அச்சன்ட்ட கேட்டுட்டேன். வருசம் நெறைய ஆயிட்டுல்லா, அண்ணன் கல்லறையவே தெறந்து, அவருக்கு மேலயே வைக்கலாமாம்” என்றார். என் சாவைப் பற்றி என்னிடமே பேச அவர் பட்ட பாடு இருக்கிறதே! உள்ளே கூப்பிட்டுப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே மகளிடமிருந்து போன் வந்தது. “எம்மா, இனி அங்க என்ன இருக்கு ஒனக்கு? சாமானக் கட்டி வையி. ஞாயித்துக்கெழம வண்டி கொண்டாரோம்” என்றாள்.

“வாறேன். ஆனா ஒண்ணு. நான் போயிட்டா என்னை இங்கதான் கொண்டாரணும். அப்பா மேலயே வைக்கணும். சித்தப்பாட்ட எல்லாம் பேசியாச்சு.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “திருப்பூர்ல இருந்து அம்புட்டுத் தூரம் எப்பிடிம்மா? மழைக்கு ரோடு இடிஞ்சு கெடந்தா நான் என்ன செய்வேன்?” என்று கேட்டாள்.

“காலவருசத்துல நான் சாக மாட்டேன் பிள்ள. கோடையில போயிக்கிடுதேன். நீ வாக்கு மட்டும் குடு.”

அவள் அழுதுகொண்டே கொடுத்தாள்.